கடல் நடுவே மூண்ட தீ: ‘சிதம்பரம்’ கப்பலின் வரலாறு

வீட்டில் தீப்பற்றினால் தெருவிற்கு ஓடலாம்; தெருவில் தீப்பற்றினால் ஊர்ப்புறத்து ஏரிக்கரைக்கு ஓடலாம். நாற்புறமும் நீர் சூழ்ந்த கப்பலில் தீப்பற்றினாலோ, ஓடிச்சென்று நிற்பதற்கு ஓரடி நிலமும் இல்லை. தீயை அவிக்க வல்ல நீர் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்க, அந்நீரின் நடுவிலேயே மாந்தர் வெந்தும் புகையுண்டும் மாய்தல் கேட்போர் நெஞ்சைக் கலக்கும் செய்தியாகும். அத்தகைய தீ ஒன்று 1984-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 12-ஆம் தேதியன்று, நம் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த ‘சிதம்பரம்’ என்னும் பிரயாணிக் கப்பலில் மூண்டது. அக்கப்பலின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும், அவர்தம் இல்லத்துப் பெண்மக்களும், இளைஞரும் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் கருத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

‘அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் வாழும் நமக்கும் கடலுக்கும் யாது தொடர்பு? நம் முன்னோர் அறிந்தவை ஏரியும் கழனியும் அல்லவா?’ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. செம்பரம்பாக்கத்து ஏரியும், அம்பத்தூர் ஏரியும், பருத்திப்பட்டு ஏரியுமே நம் பக்கத்தாருக்குப் பெருநீர்ப் பரப்புகள். ஆயினும், கடல் கடந்து சென்ற தமிழரின் வரலாற்றில் நம் ஆவடிக்கு ஓர் இடம் உண்டு என்பதை இக்காலத்தார் பலர் மறந்தனர்.

மலேயா நாட்டில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தோட்ட வேலைக்குத் தமிழகத்தினின்று ஆட்களைக் கொண்டு செல்லும் வழக்கம் மிகுந்தது. அத்தோட்டத்துக் கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி வந்து, உறவினரையும் அயலாரையும் அழைத்துச் செல்வர். 1907-ஆம் ஆண்டில் அந்நாட்டில் அமைக்கப்பெற்ற இந்தியக் குடியேற்றக் குழு, தோட்ட முதலாளிகளிடம் வரி பெற்று ஒரு நிதியைத் திரட்டி, அந்நிதியினின்று அத்தொழிலாளரின் பிரயாணச் செலவை ஏற்றது. அவ்வாறு செல்வோர் கப்பலேறும் நாள் வருமளவும் தங்குதற்கு இரண்டு முகாம்கள் இருந்தன. ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று நம் ஆவடியில். வடஆர்க்காட்டினின்றும் செங்கற்பட்டினின்றும் வந்த ஏழை உழவரும், கைக்குழந்தையை இடுப்பில் ஏந்திய பெண்டிரும் அம்முகாமில் தங்கி, மருத்துவ சோதனைக்கு உட்பட்டு, பின்னர்ச் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினர். இத்தகைய குடியேற்றத்தை இந்திய அரசாங்கத்தார் 1938-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தடுத்து நிறுத்தினர். ஆவடி அதன்பின் படைத்தளமாயிற்று. பிற்காலத்தில் பீரங்கி வண்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்றது. 2019-இல் மாநகராட்சியும் ஆயிற்று. இவ்வளவு மாறுதல்களுக்கு இடையே, ஆயிரக்கணக்கானோர் தாய்நாட்டு மண்ணில் கடைசியாகச் சில நாள் படுத்துறங்கிய ஊர் அது என்னும் நினைவு தேய்ந்தொழிந்தது.

நிற்க. சென்றவர்களும், அவர்களைக் காணச் சென்றவர்களும், ஈட்டிய பொருளோடு திரும்பியவர்களும் ஏறிய கப்பல்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் ஆள் ஏற்றி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கு சேர்ந்து, பின் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் துறையைத் தொட்டுச் சிங்கப்பூரில் முடிவது அவ்வழி. போர்ட் சுவெட்டன்ஹாமே பின்னர்க் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. அவ்வழியில் ஓடுதற்கென்றே பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியார் 1926-ஆம் ஆண்டில் ‘ரஜூலா’, ‘ரோனா’ என்னும் இரண்டு கப்பல்களைக் கட்டுவித்தனர். ரஜூலாவில் 5,000-க்கும் மேற்பட்ட பிரயாணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் வழங்கப்பட்டிருந்தது என்பதிலிருந்தே, ‘டெக் பிரயாணிகள்’ என வழங்கப்பட்ட ஏழை மக்கள் அதன் தளங்களில் எவ்வளவு நெருங்கிப் படுத்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம். போர்க்காலப் பணிகள் நீங்கலாக, அக்கப்பல் 1973 வரை அவ்வழியிலேயே உழைத்தது. கடல் கடந்த உறவினர் உள்ள குடும்பங்களில் ‘ரஜூலா’ என்னும் பெயரை அறியாத முதியோர் அரியர்.

அதன் உடன்பிறப்பாகிய ரோனாவின் கதி வேறாயிற்று. இரண்டாம் உலகப் போரில் படையினரை ஏற்றிச் செல்லும் பணிக்கு எடுத்துக் கொள்ளப்பட்ட அது, 1943-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதியன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால், ஜெர்மானிய விமானத்தினின்று ஏவப்பட்ட குண்டினால் தாக்குண்டு, தீப்பற்றி எரிந்து மூழ்கிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படைவீரரும், நூற்றுக்கு மேற்பட்ட கப்பல் ஊழியரும் உயிரிழந்தனர். ஊழியருள் மிகப் பெரும்பாலோர் இந்தியரே. இந்த ரோனாவைப் பற்றி இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் ஒரு செய்தி கூற வேண்டியிருத்தலின், அன்பர்கள் இதனை நினைவிற் கொள்வாராக.

ரஜூலா ஓய்வு பெற்ற 1973-ஆம் ஆண்டிலேயே ‘சிதம்பரம்’ அவ்வழிக்கு வந்தது. அது நம் நாட்டில் பிறந்த கப்பல் அன்று. பிரெஞ்சு நாட்டு டன்கர்க் துறையில் கட்டப்பெற்று, 1966-இல் நீரில் இறக்கப்பட்டு, ‘பாஸ்டர்’ என்னும் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கி, ஐரோப்பாவிற்கும் தென்னமெரிக்காவிற்கும் இடையே செல்வர்களை ஏற்றிச் சென்ற சொகுசுக் கப்பல் அது. ஏறத்தாழ 18,000 டன் அளவினது. நம் அரசாங்கத்தாரின் இந்தியக் கப்பல் கழகம் அதனை விலைக்கு வாங்கி, உள்ளமைப்பை மாற்றிப் படுக்கைத் தட்டுகளை நிறைத்து, புதுப் பெயரும் சூட்டிற்று. தனியறைகளில் ஏறத்தாழ 150 பேரும், பொதுக் கூடங்களில் ஏறத்தாழ 1,500 பேரும் செல்லும்படியாக அது திருத்தி அமைக்கப்பட்டது. சிதம்பரம் என்றவுடன் ஒருவர்க்குத் தில்லையம்பலம் நினைவிற்கு வரும். மற்றொருவர்க்கு 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய ஸ்ரீமான் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் நினைவிற்கு வருவார். எவ்வாறாயினும், தமிழ் மக்கள் தம்முடையது என்று உரிமை பாராட்டத்தக்க பெயராய் அது அமைந்தது.

அம்பத்தூரில் எம் தெருவில் வாழ்ந்து மறைந்த மூதாட்டியார் ஒருவர், இக்கப்பலிற் சென்று பினாங்கில் இருந்த தம் தமையனாரைக் கண்டு வந்ததை எம்மிடம் பலமுறை கூறியதுண்டு. போகும்போது ஊறுகாய் ஜாடியும், வடாம் மூட்டையும், பிள்ளைகளுக்கு முறுக்கும் கொண்டு சென்றாராம். வரும்போது ஒரு தகரப் பெட்டி நிறையக் கோடாலித் தைலமும், கைலித் துணியும், பீங்கான் தட்டுகளும் கொண்டு வந்தாராம். முதல் இரண்டு நாள் தலை தூக்கவொட்டாத மயக்கம். மூன்றாம் நாள் முதல், பக்கத்துப் படுக்கையில் இருந்த தஞ்சாவூர்ப் பெண்மணியோடு பேச்சு. இறங்கும் நாளில் இருவரும் அக்காள் தங்கை ஆயினர். “கப்பலிலே சாதி ஏது, ஊர் ஏது அப்பா? எல்லார் தலைமாட்டிலும் ஒரே அலைதான்” என்று அவர் கூறுவார். சங்கத்து ஏட்டில் இச்சொல்லை எழுதுவதற்கு யான் கூசவில்லை. நம்மவரைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பிறரை மறப்பதற்கு அன்று என்பதை அவ்வம்மையார் எனக்கு உணர்த்தினார்.

இத்தகைய மக்களைத் தாங்கிய கப்பலே 1984-இல் எரிந்தது. சிங்கப்பூரினின்று நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு சென்னைக்குத் திரும்புகையில், நடுக்கடலில் அதனுள் தீ மூண்டு பரவிற்று. ஏறத்தாழ 40 உயிர்கள் மாய்ந்தன. கப்பல் மூழ்கவில்லை, எரிந்த உடலோடு சென்னைத் துறைமுகம் வந்து சேர்ந்தது. வரவேற்கக் காத்திருந்தோரில் சிலர்க்கு உறவினர் கிடைத்தனர். சிலர்க்கு அழுகையே கிடைத்தது. பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பொருளைப் பெட்டியிற் கட்டி, மகள் திருமணத்திற்கும் தாயின் இறுதிக்காலத்திற்கும் வந்தவர்கள், கரை காண்பதற்கு முன்பே கருகிப் போவது எத்துணைக் கொடுமை! அக்கப்பல் அதற்குப்பின் பிரயாணிகளை ஏற்றவில்லை. 1985-இல் பழைய இரும்பாக உடைப்பதற்கு விற்கப்பட்டு அழிந்தது.

கப்பல் தீ இவ்வளவு கொடியதாவது ஏன் என்பதை நம் இளைஞர் அறிதல் நலம். கப்பலின் சுவர்கள் இரும்பால் ஆனவை; இரும்பு எரியாது என்று எண்ணுவோம். ஆனால், இரும்பு சூட்டைக் கடத்தும். ஓர் அறையில் தீ எரிந்தால், சுவருக்கு மறுபுறத்து அறையிலுள்ள மரமும் துணியும் தீயைத் தொடாமலே பற்றிக்கொள்ளும். காற்றுக் குழாய்களும் மாடிப்படிக் கூடங்களும் புகைக்கு வழியாகும். தீயால் மடிவோரினும் புகையால் மடிவோரே மிகுதி. புகை சூழ்ந்த இடைகழியில் சில நிமிஷங்களில் வழியறியாது விழுந்துவிடுவர். நீரைப் பொழிந்து அவிப்போம் என்றாலோ, பொழிந்த நீர் மேல்தட்டுகளில் தேங்கி, ஒருபுறம் சாய்ந்து, கப்பலையே கவிழ்த்துவிடும். 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நியூயார்க் துறைமுகத்தில் ‘நார்மண்டி’ என்னும் பெருங்கப்பல் தீப்பற்றியபோது, அவித்தோர் பொழிந்த நீரினாலேயே அது துறையிற் கட்டிய கயிற்றோடு கவிழ்ந்து விழுந்தது.

உலக சரித்திரத்தில் இத்தகைய தீக்கள் பல. ‘பாஸ்டர்’ என்னும் பெயரோடு நம் சிதம்பரம் எந்தப் பிரெஞ்சுக் கம்பெனியாருக்கு உரியதாய் இருந்ததோ, அதே கம்பெனியாரின் ‘ஜார்ஜ் பிலிப்பார்’ என்னும் கப்பல், 1932-ஆம் ஆண்டு மே 16-ஆம் தேதியன்று, தன் முதற் பிரயாணத்திலேயே ஏடன் வளைகுடாவில் எரிந்தது. 54 பேர் மாய்ந்தனர். ஆல்பெர் லோந்தர் என்னும் புகழ்பெற்ற பத்திரிகையாளரும் அவருள் ஒருவர். 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதியன்று, ஹவானாவினின்று நியூயார்க்குக்குத் திரும்பிய ‘மாரோ காசில்’ என்னும் உல்லாசக் கப்பலில் 137 பேர் இறந்தனர். மெருகிட்ட மரப்பலகைகளால் அழகு செய்யப்பட்ட அதன் கூடங்களே தீக்கு இரையாயின. ரஜூலாவின் கம்பெனியாருக்கே உரிய ‘தாரா’ என்னும் கப்பலில், 1961-ஆம் ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதியன்று துபாய்க்கு அருகே வெடிப்பும் தீயும் நிகழ்ந்து 238 பேர் மாண்டனர். அதுவும் பம்பாய்க்கும் பாரசீக வளைகுடாவிற்கும் இடையே எளிய மக்களைச் சுமந்த கப்பலே. 1965-ஆம் ஆண்டு நவம்பரில் ‘யார்மவுத் காசில்’ எரிந்து 90 பேரும், 1990-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘ஸ்காண்டிநேவியன் ஸ்டார்’ எரிந்து 159 பேரும் இறந்தனர்.

இவற்றைப் பட்டியலாகக் கூறுவது அச்சுறுத்துதற்கு அன்று. இத்தகைய தீக்கள் அரசாங்கங்களை விழித்தெழச் செய்தன. மாரோ காசில் எரிந்த பிறகு அமெரிக்க தேசத்தார், தீயைத் தடுக்கும் கதவுகளும், தானே ஒலிக்கும் எச்சரிக்கை மணிகளும், எளிதில் எரியாத பொருள்களும் கப்பலில் இருத்தல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். யார்மவுத் காசில், ஸ்காண்டிநேவியன் ஸ்டார் ஆகியவற்றின் அழிவுக்குப் பின்னர், கடலில் உயிர்க் காப்புக்கான ‘சோலாஸ்’ என்னும் சர்வதேச உடன்படிக்கை மேலும் கடுமையாக்கப்பட்டது. எளிதில் எரியும் பொருள்களால் உள்ளமைப்புச் செய்யப்பட்ட பழைய பிரயாணிக் கப்பல்கள், 2010-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சர்வதேசக் கடல்வழிகளில் ஓடலாகாது என விலக்கப்பட்டன. ஆதலின், இன்று கப்பலில் நாம் காணும் ஒவ்வொரு தீக்கதவும், ஒவ்வொரு நீர்த்தூவியும், முன்னர் இறந்த ஒருவர் நமக்கு விட்டுச் சென்ற ஆஸ்தி என்று கருதத்தகும்.

சிதம்பரம் கப்பலின் தீயால் அழிந்தது ஒரு கப்பல் மட்டுமோ? அன்று. தலைமுறை தலைமுறையாக நிலவிய ஒரு வழியே அழிந்தது. அதற்கு ஈடாக அவ்வழியில் நிலையான பிரயாணிக் கப்பல் வரவில்லை. ‘விமானம் உண்டே’ என்பர். உண்டுதான், ஆனால், விமானம் எடைக்குக் காசு கேட்கும். ஊறுகாய் ஜாடியையும், தகரப் பெட்டியையும், மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, ஒரு வாரம் கடலிற் சென்று ஆறு மாதம் அண்ணன் வீட்டில் தங்கி வரும் உறவு முறை அதனால் ஒழிந்தது. வசதியுடையோர் பறந்து சென்றனர். வசதியற்றோர் கடிதம் எழுதினர். எழுதத் தெரிந்த முதியோர் மறைந்தபின் கடிதமும் நின்றது. இன்று நம் குடும்பங்கள் சிலவற்றில், ‘மலேயாவிலே நமக்கு யாரோ சொந்தம் இருக்கிறார்கள்’ என்னும் ஒரு வாக்கியமே எஞ்சியுள்ளது. அவர் பெயர் யாது, ஊர் யாது என்று கேட்டால் விடையில்லை.

இப்போது ரோனாவின் செய்திக்குத் திரும்புவோம். அக்கப்பல் அழிந்த செய்தியைப் போர்க்கால இரகசியமாக வைத்தனர். பல ஆண்டுகள் இறந்தோரின் தாய் தந்தையரும் உண்மையை முழுதும் அறியவில்லை. உயிர் தப்பிய வீரர்களும், இறந்தோரின் மக்களும் முதுமையில் ஒன்றுகூடிச் சங்கம் ஒன்று அமைத்தனர்; செய்திகளைத் திரட்டினர்; 1996-ஆம் ஆண்டில் அலபாமா மாகாணத்தில் ஒரு நினைவுக் கல்லும் எழுப்பினர். நிகழ்ச்சி நடந்து 50 ஆண்டுகளுக்குப் பின் அந்நினைவு உயிர் பெற்றது. அரசாங்கம் மறைத்ததை ஒரு சங்கம் மீட்டது! எங்கோ ஒரு தேசத்தில், அறியாத மக்கள் செய்ததை, அதே வழியில் ஓடிய கப்பல்களுக்கு உறவுடைய நாம் செய்யலாகாதா?

செய்திப் பத்திரிகை எழுதுவது தொகை. இல்லம் அறிவது பெயர். ‘ஏறத்தாழ 40 பேர்’ என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால், அவர் ஒவ்வொருவரும் ஒரு வீட்டின் தந்தை, ஒரு வீட்டின் மகள். தனியறையிற் சென்ற செல்வர் இறந்தால் நூல்கள் எழுதப்படுகின்றன; பொதுக்கூடத்துப் படுக்கையிற் கிடந்தவர் இறந்தால் கணக்கில் ஓர் எண் கூடுகிறது. இவ்வேற்றுமையை மாற்றுதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஆகையால், அன்பர்களுக்கு யான் செய்துகொள்ளும் விண்ணப்பங்கள் மூன்று.

முதலாவது, தங்கள் இல்லத்துப் பரண்மேல் கிடக்கும் பழைய பிரயாண அநுமதிச் சீட்டுகள், கப்பற் சீட்டுகள், பினாங்கு முத்திரையிட்ட கடிதங்கள், புகைப்படங்கள் ஆகியவற்றைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், பிரதி எடுத்துச் சங்கத்துக் காரியாலயத்தில் கொடுத்தல். இரண்டாவது, எண்பது வயது கடந்த முதியோரிடம் பிள்ளைகள் அமர்ந்து, யார், எப்போது, எந்தக் கப்பலில், எந்த ஊருக்குச் சென்றார் என்பதைக் கேட்டு எழுதிக் கொள்ளுதல். ஒரு முதியவர் மறைந்த மறுநாள் இதைச் செய்ய எண்ணினால் பயனில்லை. மூன்றாவது, ஆண்டுதோறும் பிப்ரவரி 12-ஆம் தேதியை ஒட்டி வரும் மாதக் கூட்டத்தில், சிதம்பரம் கப்பலில் மாண்டவர்க்காகச் சில நிமிஷம் எழுந்து நிற்றல். அவர் நம் குலத்தவரா என்று கேட்க வேண்டா. ஆவடி முகாமில் உறங்கிய எவரையும் அக்கேள்வி கேட்டுக் கடல் ஏற்றுக்கொள்ளவில்லை.

இறுதியாக, குடும்பத்தார்க்கு ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு ஜூனில் சென்னைத் துறைமுகத்தினின்று உல்லாசக் கப்பற் பிரயாணம் தொடங்கப்பெற்றது. 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் நாகப்பட்டினத்தினின்று காங்கேசன்துறைக்குப் பிரயாணிக் கப்பல் விடப்பட்டது. நம் பிள்ளைகள் மீண்டும் கப்பலேறும் காலம் வந்துவிட்டது, மகிழ்ச்சியே. பல நாள் தங்கிச் செல்லும் கப்பல்களில், புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன், ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும், மிதவைச் சட்டையை எவ்வாறு அணிய வேண்டும் என்று பயிற்சி அளிப்பர். பலர் அதனை வேடிக்கையாகக் கருதிச் சிற்றுண்டிச் சாலைக்குப் போய்விடுவர். நம்மவர் அவ்வாறு செய்யற்க. தம் அறையினின்று மேல்தட்டுக்குச் செல்லும் இரண்டு வழிகளையும் ஒருமுறை நடந்து பார்த்துக் கொள்க. விளக்கணைந்தாலும் கால்கள் அவ்வழியை அறியுமாறு செய்து கொள்க. புகை வந்தால் பெட்டியைத் தேடற்க. தாழ்ந்து குனிந்து வெளியேறுக.

அவ்வாறு நடந்து பார்க்கும் ஒரு நிமிஷத்தில், அம்பத்தூர் மூதாட்டியாரையும், ஆவடி முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தோரையும், சென்னைக் கரையைக் காணாமலே மறைந்தோரையும் ஒருமுறை எண்ணுவோமாக. அவர் பெயர்கள் கிடைக்குமட்டும் தேடுவோம். கிடைத்தவற்றை எழுதி வைப்போம். தீயால் போனவற்றை மீட்க ஒருவராலும் ஆகாது. மறதியால் போவனவற்றையேனும் காத்தல் நம் கையில் உள்ளது.